லீவ், லெஃப்ட், லெஃப்ட்

மனைவி இறந்த அன்று மாலை, இரங்கல் சொல்லி வந்த ஒரு செய்தியில் இலக்கணப் பிழை திருத்தி அனுப்பியவன் நான். என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல எதுவும் இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் நடக்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு நான் வாத்தியார். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டுப் புடவைக் கடைகளில் விற்பனைக்கு நிற்பவர்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் 'ப்யூர் சில்க் மேடம்' என்பதற்கு மேல் நாலு வார்த்தை பேச வரவேண்டும் என்று கடைக்காரர்களே அனுப்பி வைக்கிறார்கள். அதில் ஒரு பெண், ஏனாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள், அன்று கைபேசியில் எழுதியிருந்தாள்: 'சார், மேடம் லீவ்டு அஸ். வெரி சாரி சார்.'

வாசலில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் நிதானமாக, 'லீவ்டு இல்லைம்மா, லெஃப்ட். லீவ், லெஃப்ட், லெஃப்ட்' என்று பதில் அனுப்பினேன். 'தேங்க்யூ சார்' என்று உடனே வந்தது. பாவம், வேறென்ன சொல்வாள்.

அனுப்பி முடித்ததும் எனக்குச் சின்னதாக ஒரு திருப்தி வந்தது. அந்த நாள் முழுக்க எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான்.

கைத்தறிக்கு அடியில் கால் வைக்கிற தறிக்குழியில் ரொம்ப நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும். வலி இருக்காது. கிள்ளினால் யாரோ யாரையோ கிள்ளுவது மாதிரி இருக்கும். எனக்கு அது இடுப்புக்கு மேலேயும் பரவிவிட்டது, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், எப்போது உடைவான் என்று. நான் அவர்களுக்கு ஃபேன் போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒருத்தரிடம் அவருடைய மூட்டுவலியைப் பற்றி விசாரித்து, ஒரு ஜோக்கும் அடித்தேன். அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என்னைக் கோபமாகப் பார்த்தார்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். வேறு பெரிய கதை இல்லை. ஆட்டோவில் ஏறும்போது, "தறிய அப்படியே வுட்டுட்டு வந்துட்டேன், ஒரு துணி போட்டு மூடி வையுங்க, பல்லி கில்லி வுழப்போவுது" என்றாள். சரி என்றேன். மூடவில்லை. அவளுடைய தங்கைதான் மறுநாள் வந்து மூடினாள்.

நாங்கள் நெசவுக்காரக் குடும்பம். எனக்கும் நெய்யத் தெரியும். என்ன, நான் நெய்தால் புடவைக் கரை காஞ்சிபுரத்தில் ஆரம்பித்து வாலாஜாபாத் பக்கம் போய் முடியும். அதனால் வீட்டிலிருந்தவர்கள் எல்லோரும் ஒருமனதாக என்னைப் படிக்க அனுப்பிவிட்டார்கள். தறியை என் மனைவி எடுத்துக்கொண்டாள். முன்கூடத்தில் தறி, அதைத் தாண்டினால் வீடு. நான் வகுப்பிலிருந்து வந்து, தறிக்கு அந்தப்பக்கம் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து வாயளப்பேன். அவள் ஊடைநூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொண்டே கேட்பாள், அல்லது கேட்காமல் இருப்பாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆங்கில வினைச்சொற்களுக்குப் பூர்வீகம் தேடுவது. அதிலும் ஒழுங்கில் அடங்காத சொற்கள் என்றால் ரொம்பப் பிரியம். மற்ற சொற்கள் கடந்த காலத்துக்குப் போகும்போது வாலில் ஒரு 'டு' ஒட்டிக்கொண்டு சமர்த்தாகப் போகும். இவை மட்டும் உருவத்தையே மாற்றிக்கொள்ளும். பழைய சொற்கள், தினமும் வாயில் புழங்குகிற சொற்கள்தான் இப்படி முரண்டு பிடிக்கும், யாரும் அவற்றைத் திருத்த முடியாது என்று அவளிடம் ஒருநாள் பெரிதாக விளக்கினேன். அவள், "நீங்க இன்னா, அந்த வார்த்தைக்கு மாப்ள பாக்கப் போறீங்களா? அதோட குலம் கோத்திரம் உங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

லீவ் என்ற சொல்லை அவள் இருந்தவரை நான் தேடியதில்லை. அது ரொம்பச் சாதாரணமான சொல்லாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் தேடினேன். ஏனாத்தூர்ப் பெண் முதல் பெஞ்சில், என் முகத்தைப் பார்க்க பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பயத்தைப் போக்குவதற்காக, அதே சொல்லை எடுத்து போர்டில் எழுதினேன். அன்பான வாத்தியார் செய்கிற வேலை இல்லை இது. ஆனால் அப்போது எனக்கு அது பெரிய கருணை மாதிரி தோன்றியது.

"நாம லீவு போடுறோமே, அந்த லீவு வேற குடும்பம்" என்று ஆரம்பித்தேன். "அதுக்குப் பழைய அர்த்தம் அனுமதி. லவ்வுக்கு அது தூரத்துச் சொந்தம். அதனால லீவு கேக்கும்போது கொஞ்சம் அன்பா கேக்கணும்."

பின் பெஞ்சில் ஒருத்தர் சிரித்தார்.

"இடது கைக்குச் சொல்ற லெஃப்ட்டும் வேற குடும்பம். அதுக்குப் பழைய காலத்துல பலவீனம், உபயோகமில்லாததுன்னு அர்த்தம்." என் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். நான் இடது கைக்காரன். இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பு வரும். அன்றைக்கு வரவில்லை.

"நம்ம லீவ், போறதுங்கிற அர்த்தத்துல வர்ற லீவ், அது முதல்ல போறதைச் சொல்லவே இல்ல. மிச்சம் வைக்கிறது, இருக்க விடுறது. அதான் அதோட முதல் அர்த்தம். ஒருத்தர் ஊரை லீவ் பண்ணார்னா, அந்தக் காலத்துல ஊரு அங்கயே இருந்துதுங்கிறதுதான் சேதி. அவர் போனதெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்த அர்த்தம். இன்னும் தோண்டினா, லைஃப்ங்கிற சொல்லும் இதுவும் ஒரே வேர். அந்த வேருக்கு ஒட்டிக்கினு இருக்கிறதுன்னு அர்த்தம் சொல்றாங்க. லெவன், ட்வெல்வ் கூட அப்படித்தான். பத்துபோக ஒண்ணு மிச்சம், பத்துபோக ரெண்டு மிச்சம்."

ஏனாத்தூர்ப் பெண் கையைத் தூக்கினாள். "அப்போ சார், மேடம் லெஃப்ட் அஸ்னா, நம்மள இங்க இருக்க வச்சாங்கன்னு அர்த்தமா சார்?"

எல்லோரும் நான் உடையப்போகிற இடம் இதுதான் என்று முடிவு செய்துவிட்டது தெரிந்தது. நானும் கொஞ்சம் காத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"டெக்னிக்கலா கரெக்ட்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வினைச்சொல்லுக்குப் போய்விட்டேன்.

அப்போதெல்லாம் நான் வீட்டுக்குள் பின்வாசல் வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தேன். சந்து வழியாகச் சுற்றிப் போகவேண்டும், சாக்கடை மூடி ஒன்று உடைந்திருக்கும், அதைத் தாண்டவேண்டும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'நடந்தா உடம்புக்கு நல்லது' என்று சொல்லத் தயாராக இருந்தேன். முன்கூடத்தில் தறி இருந்தது.

மச்சினி ஓரிக்கைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறாள். மழை பிடித்தால் அவள் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். இறைத்துக்கொட்டினால் மறுபடி ஊறும். ஐப்பசியில் ஒருநாள் வந்து நின்று, "மாமா, அக்கா தறியில பாவு பாதியில நிக்குது. நான் வந்து முடிக்கிறேன். அப்புறம் அடுத்த பாவும் இதுலயே போட்டுக்கிறேன். எங்க ஊட்டுக் குழி மீன் வளக்கத்தான் லாயக்கு" என்றாள். நெய்தால்தான் அவள் வீட்டில் அடுப்பு. சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழைகள்தான் பாவு; ஒரு பாவில் மூன்று புடவை வரும். இரண்டாவதின் நடுவில் என் மனைவி விட்டிருந்தாள். அங்கிருந்து தங்கை பிடித்துக்கொண்டாள். அந்தப் புடவையில் ஓர் இடத்தில் கை மாறியிருக்கும். அக்கா கொஞ்சம் இறுக்கி அடிப்பாள், இவள் கொஞ்சம் தளர்த்தி. பாவு கொடுத்து நெய்யச் சொல்கிற முதலாளி அதைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் சொல்லவில்லை. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள். நான் இதையெல்லாம் சமையலறையிலிருந்து, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு யோசித்தேன். தறிச் சத்தம் அதேதான். அடி மட்டும் வேறு.

கார்த்திகையில் மூன்றாவது புடவையும் முடிந்தது. அன்று காலை அவள் புடவையை அறுத்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினாள். "அடுத்த பாவு நாளன்னிக்கு வந்துடும் மாமா. தை முகூர்த்தத்துக்குக் கேட்டுக்கினு இருக்காங்க. லேட்டானா வேற தறிக்கு மாத்திடுவேன்னு முதலாளி இப்பவே சொல்லிட்டாரு. தறிய மட்டும் கொஞ்சம் சுத்தம் பண்ணி வையுங்க. ஒரே தூசியா இருக்குது."

இந்த இடத்தில், வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். புடவையை அறுக்கும்போது பாவை முழுசாக எடுத்துவிட மாட்டார்கள். ஒரு முழம், இரண்டு முழம் தறியிலேயே விட்டுத்தான் அறுப்பார்கள். அந்த மிச்ச இழைகள் விழுது என்கிற நூல் கண்ணிகளிலும், அச்சு என்கிற சீப்பு மாதிரியான சட்டத்திலும் ஒவ்வொன்றாக நுழைந்து, கொத்துக்கொத்தாக முடிச்சுப் போட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். புதுப் பாவு வந்ததும், அதன் இழை நுனியைப் பழைய இழை நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து, மெல்ல இழுத்துவிட்டால் போதும். புது இழை பழைய இழையின் பின்னாலேயே போய்க் கண்ணியிலும் அச்சிலும் தானாக நுழைந்துகொள்ளும். மிச்சம் இல்லையென்றால் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து, கையால், ஒவ்வொன்றாகக் கோர்க்கவேண்டும். எங்கள் தெருவில் நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தைக்கும் தெரியும், தறியில் தொங்குகிற மிச்சத்தைத் தொடக்கூடாது என்று. எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

கூட்டினேன். துடைத்தேன். குழிக்குள் இறங்கி, மிதிகட்டைக்கு அடியில் சேர்ந்திருந்த பஞ்சையும் நூலையும் அள்ளினேன். மச்சினியின் கத்தரிக்கோல் பக்கத்து மாடத்தில் இருந்தது. நிமிர்ந்தால், முகத்துக்கு நேராக அந்தக் கொத்துகள், பிசிறு பிசிறாக. சுத்தமாக இல்லை என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. துக்கத்தில் செய்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. எச்சில் தட்டை எடுத்துக் கழுவி வைப்பது மாதிரி, இடது கையில் கத்தரிக்கோலைப் பிடித்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி, பின்பக்கமிருந்து இழுத்தேன். பட்டு இல்லையா, வழுக்கிக்கொண்டு வந்தது. ஓர் இழைகூடத் தகராறு செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு காபி போட்டுக் குடித்தேன்.

மச்சினி மதியம் வந்தாள். நேராகத் தறியிடம் போனாள்.

"மாமா."

"இன்னாம்மா?"

"மிச்சம் எங்க?"

"சுத்தம் பண்ணிட்டேன்."

எட்டிப் பார்த்தேன். அவள் காலியான அச்சுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். பல் பல்லாக இருந்த இடைவெளி வழியாக அவள் முகம் தெரிந்தது. அப்போதுதான் என் கை செய்தது என் தலைக்கு எட்டியது.

"அடப்பாவி மாமா" என்றாள், மெதுவாக. "இந்த அச்சு மாத்தினப்போ அக்காவும் நானும் உக்காந்து கோத்தது. அதுக்கப்புறம் எத்தினி பாவு வந்துச்சு, போச்சு. எல்லாம் அதுமேலயே பிணைச்சதுதான். ஒரு தடவகூட வுட்டுப்போவல."

நான் என்னென்னவோ சொன்னேன். கோர்க்கிறவர்கள் யாரையாவது கூட்டிவரலாம் என்றேன். அவள் நாலு இடத்துக்குப் போன் போட்டாள். முகூர்த்த சீசன், எல்லோரும் வேலையில் இருந்தார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரம் என்றால் பாவு வேறு தறிக்குப் போய்விடும்.

போனை வைத்துவிட்டு, "வகுப்புக்கு லீவு சொல்லுங்க" என்றாள். "நீங்கதான் குந்தணும்."

வகுப்பு நடத்துகிறவர் போனில், "மறுபடியுமா சார்?" என்றார். நான் அன்பாகத்தான் கேட்டேன்.

கோர்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருத்தர் பின்பக்கம் உட்கார்ந்து, புதுப் பாவிலிருந்து ஒவ்வோர் இழையாகப் பிரித்து நீட்டவேண்டும். இன்னொருத்தர் முன்பக்கமிருந்து கொக்கியை விட்டு, கண்ணி வழியாக அதை வாங்கி, அச்சில் நுழைக்கவேண்டும். என் முக்காலி அந்தப் பின்பக்கத்திலேயே கிடந்தது. யாரும் நகர்த்தியிருக்கவில்லை. பாவு வந்த அன்று காலை அதில் உட்கார்ந்தேன்.

இழையை நீட்டினால் அவள் "ம்" என்பாள். அடுத்தது. "ம்." அடுத்தது. வியர்வையில் பட்டு விரலோடு ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை இரண்டு இழையைச் சேர்த்து நீட்டிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் கழித்துக் கண்டுபிடித்து, அவ்வளவையும் உருவி மறுபடி கோர்த்தாள். திட்டவில்லை. "கண்ணாடிய தொடைச்சி போட்டுக்குங்க வாத்தியாரே" என்றாள்.

சாயங்காலம், ஓசூரில் இருக்கிற என் மகள் தினமும் போல போன் செய்தாள். அவள் 'சாப்டியாப்பா' என்று கேட்பதற்கு முன்பே 'சாப்ட்டேன்' என்று சொல்வது என் வழக்கம். அன்று இரண்டு கையிலும் இழை இருந்தது. மச்சினி ஸ்பீக்கரில் போட்டு, "உங்கப்பன் வேலை செஞ்சுக்கினு இருக்காரும்மா" என்றாள். மகள், "யாரு?" என்றாள்.

இரண்டாம் நாள் என்னையறியாமல் அவளிடம் லீவ் கதையைச் சொன்னேன். மிச்சம் வைப்பது, இருக்க விடுவது, ஒட்டிக்கொண்டிருப்பது, எல்லாம். முக்காலியில் உட்கார்ந்தால் வாய் தானாக ஆரம்பித்துவிடுகிறது போல.

அவள் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "இத அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அவ போனப்புறம்தான் தேடினேன்."

"சொல்லியிருந்தாலும், 'வாய மூடிக்கினு வேலையப் பாருங்க'ன்னு சொல்லியிருப்பா."

"ஆமா."

"ம்" என்றாள். அது எனக்கா, இழைக்கா என்று தெரியவில்லை. அடுத்த இழையை நீட்டினேன்.

மூன்றாம் நாள் மதியம் கடைசி இழை போய்ச் சேர்ந்தது. முன்பக்கம் வந்த நுனிகளைக் கொத்தாக முடிந்து, மரக் கோலில் கட்டவேண்டும். கட்டக் கயிறு தேடியவள், ஆணியில் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள். "இத இன்னா பண்ணலாம்னு வச்சிருக்கீங்க?"

"தெரியல."

அதிலிருந்து ஒரு கை இழையை உருவி, முறுக்கி, அதையே கயிறாக்கிக் கொத்துகளைக் கட்டினாள். அரக்கு நிறப் பழைய பட்டு, பச்சைப் பாவின் நுனியில். கட்டி முடித்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லா நிக்குது" என்றாள். பையை மறுபடி அதே ஆணியில் மாட்டினாள்.

பிறகு குழியில் இறங்கி, மிதித்து, நாடாவைத் தள்ளினாள். முதல் அடி. இரண்டாவது அடி. நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன், இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் பாதத்திலிருந்து மேல்நோக்கி ஊசி குத்த ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கால்தான் காரணம் என்று இப்போதும் சொல்வேன்.

அவள் பார்த்தாள். நெய்வதை நிறுத்தவில்லை.

நான் காலைத் தேய்த்துக்கொண்டே முன்வாசல் வழியாக வெளியே போய், முக்குக் கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வந்தேன். அவளுக்கு ஒன்றை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டு, கப்பைத் தறி மரத்தின் மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா போய் இத்தினி மாசத்துல இப்பதான் மாமா நீங்க இங்க வந்து குந்தியிருக்கீங்க. சும்மாவே வந்து குந்தியிருக்கலாம். அதுக்கு எதுக்கு என் தறிய அறுத்தீங்க?"